தியா என்றால் அத்தை

கேள்வித்தாளை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தது சாரோ அத்தைதான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். போட்டுக்கொண்டோம் என்பதே அவளுக்குக் கடைசிவரை தெரியாது, அது வேறு விஷயம்.

வீட்டுக்குக் கீழே அவள் நடத்துகிற பாருக்கு, அந்த ஊரில் காப்பிக்கடையும் அதுதான், தினமும் காலையில் காப்பி குடிக்க வருகிறவர்களில் ஒரு டாக்டரம்மாவும் உண்டு. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பல்கலைக்கழகத்தில் மனசைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற டாக்டர். பெயர் இன்மாகுலாதா. மாசற்றவள் என்று அர்த்தம். அப்படிப் பெயர் வைத்துக்கொண்டு அந்தப் பெண் செய்கிற வேலையோ, மனிதர்கள் படுக்கை சமாச்சாரத்தைப் பற்றி மனசுக்குள் என்னென்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது. கனடாவில் யாரோ ஆங்கிலத்தில் எழுதிய கேள்விகளை ஸ்பானிய மொழிக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தாள். சரியாக வந்திருக்கிறதா என்று சோதிக்க ஆள் தேவைப்பட்டது. உள்ளூரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து இதே மொழி பேசுகிறவர்கள்தான் அகப்படவில்லை.

"என் மாடியிலேயே ஒருத்தி இருக்காளே!" என்று சாரோ அத்தை கல்லாவைத் தட்டினாள். "பெரு நாட்டுக்காரி. என் நாத்தனார் மகன் கட்டிக்கிட்டு வந்த பொண்ணு. வாயில விரல வச்சாக் கடிக்கத் தெரியாது. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையுமே எழுதச் சொல்றேன், நீங்க தாளைக் குடுங்க."

அந்தப் பெண்ணின் பெயர் லூஸ்மிலா. பெருவின் தெற்குக் கோடியில், தாக்னா ஊர்க்காரி. அங்கே ஆலிவ் எண்ணெய் ஆலைக்கு இயந்திரம் பூட்டித்தர வந்த ஃபெர்மின், இயந்திரத்தோடு இவளையும் பூட்டிக்கொண்டு ஸ்பெயினின் தெற்கே இருக்கிற அந்தலூசியாவுக்குத் திரும்பிவிட்டான். வந்து எட்டு மாதம் ஆகிறது. வரும்போது பள்ளிக்கூடச் சீருடை தைத்துச் சோறு போட்ட தையல் மெஷினை விற்றுவிட்டு வந்தாள். விற்ற நாளிலிருந்து திரும்பிப் போவது என்ற நினைப்பையே அவள் வைத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து தாளை நிரப்பினார்கள். மேசைக்கடியில் கணப்பு, மேசைமேல் தரைவரை தொங்குகிற கனத்த துணி. குளிர்காலம் வந்தால் அந்த ஊர்க்காரர்கள் அந்தத் துணிக்குள் காலை விட்டுக்கொண்டுதான் சாப்பிடுவார்கள், சண்டை போடுவார்கள், தூங்கி விழுவார்கள். ஆணுக்கு ஒரு தாள், பெண்ணுக்கு ஒரு தாள். லூஸ்மிலா எல்லாக் கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' என்று கட்டத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். பத்தொன்பதாவதில்தான் பேனா நின்றது. 'எனக்குத் தெரிந்த, என் கணவர் அல்லாத ஒரு தியோவோடு உறவு கொள்வதாக நினைத்துப் பார்ப்பேன்.'

தியோ என்றால் மாமா. அவளுக்கு இருக்கிற ஒரே மாமா எலெயூத்தேரியோ. வாயில் பல் கிடையாது, ஆடு மேய்த்துக்கொண்டு தாக்னா மலையடிவாரத்தில் இருக்கிறார். லூஸ்மிலா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். படித்தவர்களுக்குப் புத்தி போகிற போக்கைப் பார் என்று நினைத்து, நல்ல மனசாட்சியோடு 'ஒருபோதும் இல்லை' என்று போட்டாள்.

ஃபெர்மின் எதையும் மனசுக்குள் படிக்கத் தெரியாதவன். சத்தமாகத்தான் படிப்பான்.

"'எனக்குத் தெரிந்த, என் மனைவி அல்லாத ஒரு தியாவோடு...' அட போங்கப்பா! இதையெல்லாம் ஒரு கேள்வின்னு கேக்குறாங்க பாரு. இது எவனுக்குத்தான் இல்ல?" சிரித்தான். 'அடிக்கடி' என்ற கட்டத்தில் கோடு போட்டான். பக்கத்தில் 'அந்த எண்ணம் பிடித்திருந்ததா?' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'மிகவும்'. "இல்லைன்னு எவன் போடுறானோ அவன் பொய்யன், லூஸ்."

தியா என்றால் அத்தை. சித்தியும் தியாதான், பெரியம்மாவும் தியாதான். ஆளுக்கொரு பெயர் வைத்துப் பிரிக்கிற நம் வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. ஆனால் ஃபெர்மினுக்கு உலகத்தில் இருந்தது ஒரே ஒரு தியா. செத்துப்போன தாய்மாமனின் பெண்டாட்டி. அவள் அப்போது கீழே பாரில் பாட்டுப் பாடிக்கொண்டு கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். பாட்டு மாடிவரைக்கும் கேட்டது.

"என்ன, முகம் வெளுத்துப்போச்சு?" என்றான் ஃபெர்மின்.

"ஒண்ணுமில்ல. கணப்புச் சூடு."

கேட்டிருக்கலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். கேட்டால் அவன் அதே சிரிப்போடு ஆமாம் என்று சொல்லித் தொலைத்துவிட்டால்? கேட்ட காதைக் கேட்காத காதாக ஆக்கிக்கொள்ள முடியுமா? லூஸ்மிலா தாளை மடித்து உறைக்குள் போட்டு ஒட்டினாள். ஒட்டும்போது நாக்கு வறண்டு கிடந்தது.

அன்று பிடித்தது சனி. சாரோ அத்தைக்கு வயது ஐம்பதுதான். உதட்டுச் சாயம் பூசாமல் மாடிப்படி ஏற மாட்டாள். ஃபெர்மினுக்கு ரத்த சம்பந்தம் இல்லை. எண்ணெய் ஆலையில் வேலை கிடைத்து, இருபத்திரண்டு வயதில் இந்த வீட்டுக்கு வந்தவன் அவன். இதெல்லாம் லூஸ்மிலாவுக்கு முன்பே தெரிந்ததுதான். தெரிந்ததெல்லாம் இப்போது வேறு முகத்தைக் காட்டிக்கொண்டு வந்து நின்றது. வீட்டுச் சாவி ஒன்று அத்தையிடம் இருந்தது. கதவைத் தட்டுகிற பழக்கம் கிடையாது. "என் ராசா, எங்கடா இருக்கே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து அவன் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுப்பாள். கன்னத்தில் முத்தம் அந்த ஊரில் கும்பிடு போடுகிற மாதிரி, எல்லாருக்கும் எல்லாரும் கொடுப்பார்கள். ஆனாலும் அத்தை கொடுப்பதில் சத்தம் கொஞ்சம் கூடுதல் என்று இப்போது பட்டது.

பாரின் பின்கட்டில் கேஸ் சிலிண்டர் மாட்ட அவனைக் கூப்பிடுவாள். போனவன் அரை மணி நேரம் கழித்துத்தான் வருவான். ஒரு சிலிண்டர் மாட்ட அரை மணி நேரமா? மாடிக்கு வேண்டிய சிலிண்டரை லூஸ்மிலாவே வாங்குகிறாள். வியாழக்கிழமை வண்டி வரும். கேஸ்காரன் தோளுக்கு ஒன்றாக இரண்டு ஆரஞ்சு நிறச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு, "என்ன பெரு, சௌக்கியமா?" என்று கேட்டபடி படியில் ஓடுவான். அரை நிமிட வேலை. ஃபெர்மின் தான் போகிறேன் என்றாலும் விட மாட்டாள். தலையை வாரிக்கொண்டு இவளே இறங்குவாள். அதில் என்ன தப்பு? சிலிண்டர் வாங்கப் போகிறவள் தலை வாரக் கூடாதா?

வேலை செய்கிற சாக்கில் அத்தையிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தாள். "உங்களுக்கு ஃபெர்மின் மேல ரொம்பப் பாசம், இல்ல அத்தை?"

"பாசமா? அம்மாடி, அவர் போனப்புறம் இவன் மட்டும் இல்லைன்னா நான் பைத்தியம் பிடிச்சு அலைஞ்சிருப்பேன். ராத்திரி எல்லாம் பக்கத்துல உக்காந்திருப்பான்."

லூஸ்மிலா கையிலிருந்த தட்டு விழுந்து உடைந்தது. "போனாப் போகுது, திருஷ்டி கழிஞ்சுது," என்று அத்தை துடைப்பத்தை எடுத்தாள்.

தாக்னாவிலிருக்கும் அக்கா நில்தாவுக்குப் போன் போட்டாள். நில்தாவுக்கு இரக்கம் கொஞ்சம், வேகம் அதிகம்.

"அத்தையா? அவன் வாயாலேயே சொன்னானா?"

"சொன்னான் அக்கா. அடிக்கடின்னு. ரொம்பப் பிடிக்கும்னு."

"ரத்த உறவா?"

"தாய்மாமன் பொண்டாட்டி."

"அது இன்னும் மோசம்டி. ரத்தமா இருந்தாலாவது கூச்சம் இருக்கும். ஒரே கூரை, கையில சாவி, புருஷன் செத்தவ. இதுக்கு மேல உனக்கு என்ன சாட்சி வேணும்? கிளம்பி வா."

"மெஷினை வித்துட்டேனே அக்கா."

"மெஷின் போனா மயிரே போச்சு. மானத்தோட வந்து சேரு. என் ரூம்ல கட்டில் போட்டு வைக்கிறேன்."

லூஸ்மிலா அழுதாள். அவளுக்கு ஃபெர்மின்மேல் ஆசை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய். அவன் ஆலையிலிருந்து எண்ணெய் வாசனையோடு வந்து கழுத்தில் முகத்தை வைக்கும்போது அவளுக்கு இந்தக் குளிர் தேசமே சொந்த ஊராகிவிடும். அதை விட்டுவிட்டு நில்தாவின் அறையில் கட்டிலில் போய்ப் படுப்பதா? ஒரு முடிவுக்கு வந்தாள். வியாழக்கிழமை டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டிருக்கிறாள், எழுதியதைப் பற்றிப் பேச. நேராகக் கேட்டுவிட வேண்டியது. இது வியாதியா? குணமாகுமா? குணமாகும் என்றால் இருப்பது. ஆகாது என்றால் கிளம்புவது.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அத்தையோடு. உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை, ஆட்டுக்கறி, ஊறுகாய் ஆலிவ். மூன்று பேருடைய காலும் அந்தக் கனத்த துணிக்குள். மேலே அத்தை ஏதோ பஞ்சாயத்துத் தலைவர் கதை சொல்லிக்கொண்டிருந்தாள், ஃபெர்மின் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். லூஸ்மிலாவின் காதில் ஒன்றும் விழவில்லை. துணிக்குள்ளே எந்தக் கால் எங்கே இருக்கிறது? ஏதோ ஒன்று அசைகிறதே. முட்கரண்டியைக் கீழே தவறவிட்டுக் குனிந்தாள். துணியைத் தூக்கிப் பார்த்தால் இருட்டு, கணப்பின் சிவப்பு வெளிச்சம், கம்பளிச் செருப்புகள். அத்தையின் செருப்பு ஒன்று ஃபெர்மின் காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. கால் இல்லாமல், வெறும் செருப்பு.

"அங்க என்னடி தேடுறே, புதையலா?" என்றாள் அத்தை. "வெளிய வா, முடி பொசுங்கும்."

நிஜமாகவே முன்னுச்சி முடி கொஞ்சம் பொசுங்கித்தான் போயிற்று.

வியாழக்கிழமை காலையில் அவள் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். பெட்டியை முந்தின நாளே கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து வெளியே வைத்திருந்தாள். சின்ன அறை. மேசையில் ஒலிப்பதிவுக் கருவி, ஒரு தட்டில் பிஸ்கட். சும்மா சொல்லக் கூடாது, டாக்டரம்மா இன்மா நல்ல பெண்.

"பயப்படாதீங்க. உங்க பதில் எனக்கு முக்கியமில்ல. கேள்வி உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுதுன்னுதான் தெரியணும். ஒவ்வொண்ணா படிக்கிறேன், உங்க வார்த்தையில திருப்பிச் சொல்லுங்க."

முதல் கேள்வி, இரண்டாவது, மூன்றாவது என்று லூஸ்மிலா தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டு வந்தாள். பத்தொன்பது வந்தது.

"இதை எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க?"

லூஸ்மிலா வாயைத் திறந்தாள். பேச்சுக்குப் பதில் அழுகை வந்தது. "டாக்டர், இது குணமாகுமா?"

"எது?"

"இந்த... அத்தைமேல ஆசைப்படுறது."

"அத்தையா? எந்த அத்தை?"

"சாரோ அத்தைதான்! வேற எந்த அத்தை இருக்காங்க எனக்கு? அவரு 'அடிக்கடி'ன்னு போட்டாரு டாக்டர். என் கண்ணு முன்னால போட்டாரு. இல்லைன்னு சொல்றவன் பொய்யன்னு வேற சொன்னாரு."

இன்மா அன்று காலையில்தான் சாரோ அத்தை கையால் காப்பி குடித்துவிட்டு வந்திருந்தாள். பிஸ்கட் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு தாளை எடுத்துப் பத்தொன்பதாவது கேள்வியை மெல்ல, உதட்டை அசைத்துப் படித்தாள். முகத்தில் ரத்தம் சுண்டிவிட்டது.

"லூஸ்மிலா, உங்க ஊர்ல தியான்னா என்ன?"

"அத்தை."

"வேற எதுவும் இல்லையா?"

"வேற என்ன இருக்கு? அத்தைன்னா அத்தைதானே?"

"அய்யோ கடவுளே," என்று இன்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இங்க தியான்னா சும்மா ஒரு பொம்பளை. எவளா இருந்தாலும் தியா. ஆம்பளைன்னா தியோ. தெருவுல கூப்பிட்டுக்குவாங்களே, 'ஏய் தியோ, என்ன தியோ'ன்னு, நீங்க கேட்டதே இல்லையா?"

"கேட்டிருக்கேன். சின்ன ஊருதானே, எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தக்காரங்கன்னு நெனச்சேன்."

இன்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. லூஸ்மிலாவுக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது. இரண்டு பெண்களும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். லூஸ்மிலா சாரோ அத்தையின் அனாதைச் செருப்பை நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை சிரித்தாள்.

முதலில் சிரிப்பு நின்றது இன்மாவுக்குத்தான். "பாடப்புத்தகம் மாதிரி இருக்கக் கூடாது, ஜனங்க பேசுற மாதிரி இருக்கணும்னு நான்தான் அடம் பிடிச்சு அந்த வார்த்தையைப் போட்டேன். இன்னொருத்தர்கிட்ட குடுத்துத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாத்திப் பார்த்தோம். 'பெண்'ணுன்னு ஒழுங்காத்தான் வந்துச்சு. அவரும் இந்த ஊர்க்காரர்தானே!" நகத்தைக் கடித்தாள். "போன வாரம்தான் லிமாவுக்கும் மெக்சிகோவுக்கும் கட்டுக்கட்டா அனுப்பிவச்சேன். அங்க எத்தனை வீட்டுல எத்தனை அத்தை மாட்டியிருக்காங்களோ."

பிறகு, வேலையில் சுத்தக்காரி அல்லவா, பேனாவை லூஸ்மிலா பக்கம் நகர்த்தினாள். "இந்தக் கேள்வியை மறுபடி கேக்கணும். இப்ப சரியான அர்த்தத்துல. உங்களுக்குத் தெரிஞ்ச, புருஷன் அல்லாத ஒரு ஆம்பளை. மாமா இல்ல. ஏதோ ஒரு ஆம்பளை."

லூஸ்மிலா 'ஒருபோதும் இல்லை' என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். எலெயூத்தேரியோ மாமா இந்தத் தடவை காப்பாற்ற வரவில்லை. வந்தது இரண்டு தோள். தோளுக்கு ஒன்றாக இரண்டு ஆரஞ்சு நிறச் சிலிண்டர். கழுத்திலிருந்து காதுவரை அவளுக்குச் சூடு ஏறியது.

"போட்டது போட்டபடியே இருக்கட்டுமா டாக்டர்?"

"உங்க இஷ்டம். இது பாவமன்னிப்புக் கூண்டு இல்ல. நெனைக்கிறது வேற, செய்யறது வேற." இன்மா நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லூஸ்மிலா முன்பு கட்டத்தில் போட்ட கோட்டை அடித்துவிட்டு 'எப்போதாவது' என்பதில் போட்டாள். கேஸ் வண்டி வருவதே வாரத்துக்கு ஒரு தடவைதானே.

திரும்பி வரும் வழியெல்லாம் கால் தரையில் பாவவில்லை. பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம், நில்தாவிடம் கட்டிலை மடக்கச் சொல்லலாம். தேவாலயத்து முக்கில் திரும்பும்போதுதான் அது உறைத்தது. நடு வழியில் நின்றுவிட்டாள்.

அத்தை இல்லை. சரி. அப்படியானால் யார்?

அவனுக்குத் தெரிந்த ஒரு பெண். அடிக்கடி. மிகவும் பிடிக்கும். ரொட்டிக் கடையிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். அவளை ஃபெர்மினுக்குத் தெரியும். மருந்துக் கடைக்காரியைத் தெரியும். ஆலை அலுவலகத்தில் சுருட்டை முடியோடு ஒருத்தி இருக்கிறாள், அவளை நன்றாகவே தெரியும். ஏன், இன்மாவையே தெரியுமே, தினமும் கீழே காப்பி குடிக்கிறாளே! அத்தை ஒருத்தியாக இருந்தவரைக்கும் பயத்துக்கு ஒரே ஒரு முகம் இருந்தது. இப்போது எதிரே வருகிற ஒவ்வொருத்தியும் அந்த முகத்தை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தாள்.

பாருக்குள் நுழைந்ததும் சாரோ அத்தையைக் கட்டிக்கொண்டாள். அத்தை திணறிப்போனாள். "என்னடி, யாராவது செத்துட்டாங்களா?"

"யாரும் சாகல அத்தை. நீங்க நல்லா இருக்கணும்."

மாடியில் ஃபெர்மின் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தான். காலைத் துணிக்குள் விட்டுக்கொண்டு ரொட்டியை எண்ணெயில் தோய்த்துக்கொண்டிருந்தான். லூஸ்மிலா மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. எதிரே போய் நின்றாள்.

"ஃபெர்மின், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தத் தாள்ல பத்தொன்பதாவது கேள்வி..."

கீழே தெருவில் வண்டி ஹாரன் அடித்தது. "கேஸ்! கேஸ்!" என்று குரல் வந்தது.

"வண்டி வந்துருச்சு," என்றான் ஃபெர்மின். "போ, போ, விட்டா அடுத்த வாரம்தான்."

லூஸ்மிலாவின் கை தானாகவே தலைக்குப் போயிற்று. முன்னுச்சி முடியை ஒதுக்கிவிட்டது. ஒதுக்குகிற கையை அவள் பார்த்தாள். ஃபெர்மினும் பார்த்தானோ? கை கீழே இறங்கியது.

"இன்னைக்கு நீ போ."

"நானா? எப்பவும் நீதானே போவே? நான் போறேன்னாலும் விட மாட்டியே."

"கால் வலிக்குது."

அவன் எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டான். கதவருகே போய் நின்றான். "என்னமோ கேக்கணும்னியே?"

"ஒண்ணுமில்ல. போ, வண்டி போயிடப் போகுது."

அவன் படியில் தடதடவென்று இறங்கினான். லூஸ்மிலா நாற்காலியில் உட்கார்ந்து, துணியை மார்புவரை இழுத்துக்கொண்டாள். கீழே ஃபெர்மினின் குரல் கேட்டது. "என்ன தியோ, எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன் தியோ!" கேஸ்காரனின் குரல் தெருவெல்லாம் எட்டியது. "என்ன, இன்னைக்கு பெரு வரலையா?"

ஃபெர்மின் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறான் என்று லூஸ்மிலா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.